இருதயத்தின் பிறப்பும் பிணியும்

மனித உடலின் உறுப்புக்களுள் முதன்முதலில் தன் தொழிலைத் தொடங்குவது இருதயமே. கரு உண்டாகி மூன்று வாரங்கள் கழிந்து நான்காவது வாரம் தொடங்கும் தறுவாயில், தான் கருவுற்றிருப்பதைத் தாயே உறுதியாக அறிந்திராத அந்த நாட்களில், கருவினுள் மெல்லியதொரு குழாய் துடிக்கத் தொடங்குகிறது. அப்போது கருவுக்கு முகம் அமையவில்லை; கை கால்கள் அரும்பவில்லை. அன்று தொடங்கிய துடிப்பு உயிர் பிரியும் நாள் வரையில் ஓய்வதில்லை. நிமிடத்திற்கு எழுபது முறை என்று கணக்கிட்டாலும், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் முறைக்கு மேல் அது சுருங்கி விரிகிறது. இவ்வளவு அரும்பணி புரியும் உறுப்பு எவ்வாறு உருவாகிறது, எங்கே பழுதுபடுகிறது என்னும் கேள்விகளுக்கு விடை காண, கடந்த இருபது ஆண்டுகளுக்குள் புதிய வழி ஒன்று திறந்திருக்கிறது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

இருதயத்தின் பிறப்பைக் கண்ணால் காண வேண்டும் என்னும் ஆவல் மிகப் பழையது. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், அடைகாக்கும் கோழியின் முட்டைகளை ஆராய்ந்தார். மூன்று நாட்கள் கழிந்ததும் வெண்கருவினிடையே இரத்தத் துளி போன்ற ஒரு புள்ளி தோன்றி, உயிருள்ளது போல் துள்ளுவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். 1628-ஆம் ஆண்டில் இரத்த ஓட்டத்தைப் பற்றிய தமது நூலை வெளியிட்ட ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியும் கோழி முட்டையை நாடியவரே. முட்டையை உடைத்துப் பார்க்கலாம். தாயின் வயிற்றை என்செய்வது? மனித இருதயம் எட்டு வாரங்களுக்குள் குழாய் நிலையிலிருந்து வளைந்து, அறைகளாகப் பிரிந்து, தன் உருவத்தைப் பெரும்பாலும் பெற்றுவிடுகிறது. இந்த வேலை முழுவதும் மறைவில் நடைபெறுகிறது. இதில் எங்கோ ஓரிடத்தில் தவறு நேர்ந்தால், குழந்தை இருதயக் குறையுடன் பிறக்கிறது. பிறக்கும் குழந்தைகள் நூற்றுள் ஏறக்குறைய ஒன்று இத்தகைய குறையுடையது. அக்குழந்தைகளுள் பலருக்கு, குறை எதனால் நேர்ந்தது என்று பெற்றோருக்குச் சொல்ல மருத்துவரிடம் விடையில்லை.

பிறப்பு இவ்வாறு மறைந்திருப்பது போலவே பிணியும் மறைந்திருக்கிறது. இரத்தம் வேண்டுமானால் ஊசியால் எடுக்கலாம். தோல் வேண்டுமானால் சிறிது கிள்ளி எடுக்கலாம். துடித்துக் கொண்டிருக்கும் இருதயத்தின் தசையை ஆராய்ச்சிக்கென்று வெட்டி எடுப்பார் உண்டோ? அறுவைச் சிகிச்சையின்போது நீக்கப்பட்ட துணுக்குகளும், இறந்தோர் உடலிலிருந்து கிடைத்தவையுமே நெடுங்காலம் ஆராய்ச்சியாளருக்குக் கைகொடுத்தன. அவை நோயின் முடிவைக் காட்டுமேயன்றித் தொடக்கத்தைக் காட்டமாட்டா. எலியை வைத்து ஆராயலாம் என்றால், எலியின் இருதயம் நிமிடத்திற்கு ஐந்நூறு முறைக்கு மேல் துடிப்பது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னரும் இருதய உயிரணு தன் மின்நிலையை மீட்டுக்கொள்ளும் முறை எலிக்கு வேறு, மனிதனுக்கு வேறு. எலிக்கு ஒத்துக்கொண்ட மருந்து மனிதனின் துடிப்பைக் குலைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றொரு தடையும் உண்டு. தோல் தேய்ந்தால் புதிய தோல் வளர்கிறது. இருதயத் தசை அவ்வாறு வளர்வதில்லை. இவ்வுண்மை அளந்தறியப்பட்ட விதம் சுவையானது. 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தபோது, கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரி காற்று மண்டலத்தில் பெருகியது. 1963-ஆம் ஆண்டின் ஒப்பந்தத்திற்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. ஓர் உயிரணு பிறக்கும்போது, அந்த ஆண்டுக் காற்றிலிருந்த கரியின் அளவு அதன் டி.என்.ஏ. பொருளில் பதிந்துவிடுகிறது. ஆகவே அந்த அளவை அளந்தால் உயிரணுவின் பிறந்த ஆண்டு புலப்படும். ஸ்வீடன் நாட்டுக் கரோலின்ஸ்கா நிலையத்தார் 2009-ஆம் ஆண்டில் இம்முறையால் கண்டது யாதெனில், இருபத்தைந்து வயதில் ஆண்டொன்றுக்கு இருதயத் தசை உயிரணுக்கள் நூற்றில் ஒன்று மட்டுமே புதியனவாகின்றன; எழுபத்தைந்து வயதில் அதில் பாதியும் இல்லை. உடலுக்குள்ளேயே பெருகாத உயிரணு, ஆய்வுக்கூடத்தில் எடுத்து வைத்தால் பெருகுமா? அது சில நாட்களில் வாடிவிடுகிறது.

இந்தத் தடைகளைக் கடக்கும் வழி மூல உயிரணுக்கள் வாயிலாகக் கிடைத்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு, ஒரு புதுப்பொருளைக் கண்டால் அதன் பெயரில்தான் முதலில் மனம் செல்லும். ஆங்கிலத்தில் ‘ஸ்டெம் செல்’ என்று வழங்குவதைத் தமிழில் குருத்தணு என்பார் உண்டு. தண்டணு என்பாரும் உண்டு. நாம் மூல உயிரணு என்று வைத்துக்கொள்வோம். அவற்றுள் உடலின் எவ்வகை உயிரணுவாகவும் மாற வல்லது ஒருவகை. தோலாகவும், நரம்பாகவும், எலும்பாகவும், இருதயத் தசையாகவும் ஆகக்கூடிய அதனைப் பல்லாற்றல் மூல உயிரணு என்று அழைக்கலாம். கரு உருவான சில நாட்களில் அதனுள் இருக்கும் உயிரணுக்கள் இத்தகையவை. 1981-ஆம் ஆண்டில் எலியின் கருவிலிருந்தும், 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்ஸன் குழுவினரால் மனிதக் கருவிலிருந்தும் இவை பிரித்தெடுத்து வளர்க்கப்பட்டன. 2001-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு ஹைஃபா நகர ஆராய்ச்சியாளர்கள் இவ்வாறு வளர்த்த மனித உயிரணுக்களிலிருந்து துடிக்கும் இருதயத் தசையைப் பெற்றனர்.

ஆயினும், மனிதக் கருவைச் சிதைத்துப் பெறுவது முறையாகுமா என்னும் அறக்கேள்வி எழுந்தது. இன்ன நோயாளியின் இருதயம் என்று குறிப்பிட்டு ஆராய்வதற்கும் அதில் இடம் குறைவு; ஏனெனில் நோயாளி வளர்ந்த மனிதர், அவருடைய கருநிலை என்றோ கடந்துபோயிற்று.

இங்கேதான் ஜப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகாவின் பணி குறுக்கிடுகிறது. அதனை விளக்க, அரசாங்க அலுவலகங்களில் பழகிய எங்களுக்குத் தோன்றும் உவமை ஒன்றைச் சொல்கிறோம். உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவும் ஒரு கிளை அலுவலகம் என்று கொள்வோம். தலைமையகத்தின் விதித்தொகுப்பு முழுவதும் ஒவ்வொரு கிளைக்கும் பிரதி குறையாமல் அனுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் தோல் அலுவலகம் தோலுக்குரிய கட்டுகளை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை அரக்கு முத்திரையிட்டுப் பதிவறையில் அடுக்கிவிடுகிறது. முத்திரையிட்ட கட்டுகள் அழிந்துபோகவில்லை என்பதை 1962-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் ஜான் கர்டன் தவளையைக் கொண்டு காட்டினார். வளர்ந்த தலைப்பிரட்டையின் குடல் உயிரணுவிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட முட்டையில் வைத்தபோது, முழுத் தலைப்பிரட்டை தோன்றிற்று. ஆனால் முத்திரையை உடைத்தது முட்டையிலிருந்த எந்தப் பொருள் என்பது தெரியாமலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் யமனாகாவும் அவருடைய உதவியாளர் டக்கஹாஷியும் இருபத்து நான்கு மரபணுக்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்து, ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தனர். எஞ்சியவை நான்கு. 2006-ஆம் ஆண்டில் எலியின் தோல் உயிரணுக்களில் அந்த நான்கையும் செலுத்தியபோது, அவை பல்லாற்றல் உடைய மூலநிலைக்குத் திரும்பின. அடுத்த ஆண்டில் மனிதத் தோலிலும் இதே வெற்றி கிட்டியது. 2012-ஆம் ஆண்டின் நோபல் பரிசை கர்டனும் யமனாகாவும் பகிர்ந்துகொண்டனர். இனி ஒருவருடைய தோலில் ஒரு துணுக்கோ, சிறிது இரத்தமோ போதும். அவருக்கே உரிய பரம்பரைச் சொத்து முழுவதையும் உடைய மூல உயிரணுக்களைப் பெற்று, அவற்றை இருதயத் தசையாக மாற்றலாம். அவருடைய மார்பைத் திறக்காமலே, அவருடைய இருதயத்தின் மாதிரி ஒன்று கண்ணாடித் தட்டில் துடிக்கக் காணலாம்.

மூல உயிரணுவை இருதயத் தசையாக ஆக்குவது எவ்வாறு? அதைக் கட்டாயப்படுத்தி ஆக்க முடியாது. கருவில் அது எந்த வழியே சென்றதோ அந்த வழியே நடத்திச் செல்ல வேண்டும். கருவில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. அச்செய்திகளுள் ‘வின்ட்’ எனப்படுவது ஒன்று. 2012-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் ஆராய்ச்சியாளர்கள் இரண்டே இரண்டு வகை இரசாயனப் பொருள்களைக் கொண்டு இதனைச் சாதித்துக் காட்டினர். முதலில் வின்ட் செய்தியைத் தூண்ட வேண்டும். உயிரணுக்கள் கருவின் நடுப்படை நிலையை அடைகின்றன. சில நாட்கள் கழித்து அதே செய்தியைத் தடுக்க வேண்டும். அவை இருதயத்தின் பக்கம் திரும்புகின்றன. முதலில் தடுத்தாலும், பின்னர் தூண்டினாலும், இருதயம் கிடைக்காது. ஏறக்குறைய எட்டாம் நாளுக்கும் பன்னிரண்டாம் நாளுக்கும் இடையில், அதுவரை அசைவற்றுக் கிடந்த படலம் ஓரிடத்தில் அசைகிறது. பின்னர் அது பரவித் தட்டு முழுவதும் ஒருமித்துத் துடிக்கிறது.

உயிரணுக்களுள் வழிதவறி வேறு வகையாகிவிட்டவற்றை நீக்குவதற்கு ஜப்பானியர் 2013-ஆம் ஆண்டில் எளியதொரு முறையைக் கண்டனர். உணவுக் கரைசலிலிருந்து சர்க்கரையை எடுத்துவிட்டு, லாக்டேட் என்னும் பொருளை மட்டும் வைத்தால், அதை உண்டு பிழைக்க வல்ல இருதயத் தசை எஞ்சி நிற்கும், மற்றவை மடிந்துவிடும்.

இந்தச் செய்முறையே இருதய வளர்ச்சியைப் பற்றிய பெரும் பாடம். ஒரே செய்தி ஒரு நாளில் நன்மையும், மூன்று நாள் கழித்துத் தீமையும் விளைவிக்கிறது என்றால், கருவின் முதல் வாரங்களில் காலம் தவறுவது எத்தகைய கேட்டினை விளைக்கும் என்பது தெளிவாகிறது. தாய் உட்கொள்ளும் சில மருந்துகளும், தாய்க்கு உள்ள சில நோய்களும், அவள் கருவுற்றதை அறிந்துகொள்வதற்கு முன்பே குழந்தையின் இருதயத்தைப் பாதிப்பது இதனாலேயே.

தட்டில் படலமாகப் பரந்திருக்கும் தசை, அறைகளையுடைய இருதயம் ஆகாது. அந்தக் குறையை நீக்க, உயிரணுக்களை உருண்டையாகத் திரளவிட்டுப் பார்த்தனர். 2021-ஆம் ஆண்டில் வியன்னா நகர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில், எள்ளளவேயான இத்தகைய உருண்டைகள் எந்த அச்சும் சட்டமும் இல்லாமல் தாமே உட்குழிந்து, ஒரு வெற்றறையை அமைத்துக்கொண்டு துடித்தன. குழிந்த அறையை அமைப்பது எப்படி என்னும் அறிவு உயிரணுக்களிடமே இருக்கிறது என்பது இதனால் புலனாயிற்று. 2023-ஆம் ஆண்டில் அதே நிலையத்தார், இருதயத்தின் வெவ்வேறு பகுதிகளை ஒத்த அறைகளை ஒன்றோடொன்று இணைத்து, எந்த அறை முதலில் துடிப்பைத் தொடங்குகிறது, அது மற்ற அறைகளுக்கு எவ்வாறு செல்கிறது என்று கண்டனர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார், இத்தகைய சிற்றிருதயங்களை நீரிழிவு உடைய தாயின் இரத்தத்தை ஒத்த சர்க்கரை மிகுந்த சூழலில் வளர்த்தனர். அவை இயல்பான அமைப்பினின்றும் மாறுபட்டு வளர்ந்தன. நீரிழிவு மிகுந்த நம் நாட்டில், கருவுறுவதற்கு முன்பே சர்க்கரையைக் கட்டுப்படுத்திக்கொள்ளும்படி மருத்துவர்கள் கூறும் அறிவுரையின் காரணம் இங்கே கண்முன் நிற்கிறது.

இனி, நோய்களைப் பற்றிக் காண்போம். சில குடும்பங்களில், நல்ல உடற்கட்டுள்ள இளைஞர் ஓடும்போதோ நீந்தும்போதோ திடீரென்று மயங்கி விழுந்து இறப்பதுண்டு. உடலை அறுத்துப் பார்த்தாலும் இருதயத்தில் எந்தக் குறையும் தென்படாது. குறை இருப்பது மின்னோட்டத்தில். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் பொட்டாசியம் அயனிகள் உயிரணுவை விட்டு வெளியேறி, அடுத்த துடிப்புக்கு அதனை ஆயத்தப்படுத்த வேண்டும். அந்த வாயில் பழுதுபட்டால், மீட்சி நீண்டுவிடுகிறது. மின்வரைபடத்தில் க்யூ, டி என்னும் இரண்டு குறிகளுக்கு இடையே உள்ள தூரம் நீண்டு தோன்றுவதால், இதனை நீள் க்யூ-டி நோய் என்கின்றனர். 2010-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ம்யூனிக் நகர மருத்துவர்கள், இந்நோய் உள்ள ஒரு குடும்பத்தாரின் தோலிலிருந்து இருதயத் தசையை உண்டாக்கினர். அத்தசையின் மீட்சியும் நீண்டே இருந்தது. வாயிலாக அமைய வேண்டிய புரதம் உயிரணுவின் சுவரைச் சென்றடையாமல் உள்ளேயே தங்கிவிடுவதையும் அவர்கள் கண்டனர். பரபரப்பின்போது உடலில் சுரக்கும் அட்ரினலின் போன்ற மருந்தைக் கொடுத்தபோது நிலைமை மோசமாயிற்று. அதனைத் தடுக்கும் மருந்து காத்தது. நோயாளிக்கு நேரக்கூடிய ஆபத்தை அவருக்குப் பதிலாக ஒரு தட்டு ஏற்றுக்கொண்டது என்று சொல்லலாம்.

இருதயத் தசை காரணமின்றித் தடித்துப்போகும் நோய் மற்றொன்று. 2013-ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பத்துப் பேரின் உயிரணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தனர். பழுதுபட்ட மரபணுவைப் பெற்றோரின் உயிரணுக்களில் கால்சியத்தின் ஏற்றத்தாழ்வு முறைகெட்டிருந்தது. அம்முறைகேட்டை மருந்தால் சரிசெய்தபோது, உயிரணு பருக்காமல் நின்றது. எது வேர், எது விளைவு என்பதை இவ்வாறு பிரித்தறிவது, நோய் முற்றிய இருதயத்தைப் பார்த்து இயலாத காரியம். இன்று இன்னும் ஒரு படி மேலே சென்று, நோயாளியின் மூல உயிரணுவில் பழுதான ஓர் எழுத்தை மட்டும் திருத்திவிட்டு, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றனர். இரண்டுக்கும் வேறுபாடு அந்த ஓர் எழுத்தே. திருத்திய தசை ஒழுங்காகத் துடிக்குமானால், குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்பது உறுதி.

மருந்துகளைச் சோதிப்பதற்கும் இம்முறை பயன்படுகிறது. ஒவ்வாமைக்கென்று பல நாடுகளில் விற்கப்பட்ட டெர்ஃபெனடைன் என்னும் மாத்திரை, வேறு சில மருந்துகளோடு சேர்ந்தபோது இருதயத் துடிப்பைக் குலைத்து உயிருக்கு உலை வைத்தது. 1998-ஆம் ஆண்டில் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. தும்மலுக்கு உண்ட மாத்திரையால் மரணம் நேரிடலாகாது. ஆகவே, புதிய மருந்துகளை மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் தட்டில் துடிக்கும் மனிதத் தசையில் இட்டுப் பார்க்கும் வழக்கம் பரவி வருகிறது. புற்றுநோய்க்குரிய டாக்ஸோரூபிஸின் சிலருடைய இருதயத்தைக் கெடுக்கிறது. பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. அம்மருந்தால் இருதயம் கெட்ட பெண்களின் உயிரணுக்களையும், கெடாத பெண்களின் உயிரணுக்களையும் 2016-ஆம் ஆண்டில் ஒப்பிட்டபோது, முன்னவருடைய தசையே தட்டிலும் எளிதில் நலிந்தது.

இனி நம் நாட்டைப் பற்றிய செய்திக்கு வருவோம். இருதயத் தசையின் சுருங்கும் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் புரதங்களுள் மயோஸின் இணைப்புப் புரதம்-சி என்பது ஒன்று. அதற்குரிய மரபணுவில் இருபத்தைந்து எழுத்துக்கள் விடுபட்ட ஒரு பிழை இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடையே பரவியிருப்பதை, மதுரையிலும் ஹைதராபாத்திலும் பணியாற்றிய ஆராய்ச்சியாளர்கள் உள்ளிட்ட ஒரு குழுவினர் 2009-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் அது உண்டு. இருபத்தைந்து பேர் கூடியிருக்கும் ஒரு பந்தியில் ஒருவர் என்று கொள்ளலாம். இப்பிழையுடையோருக்கு இருதயத் தசை நலிந்து செயலிழக்கும் வாய்ப்பு மற்றவரைக் காட்டிலும் மிகுதி. ஆனால் இளமையில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லை. நடுவயதைக் கடந்த பின்னரே அது தலைகாட்டுகிறது. மணமாகிப் பிள்ளைகளைப் பெற்று, பிழையையும் பிள்ளைகளுக்கு வழங்கிய பின்னரே நோய் வருவதால், அது தலைமுறை தலைமுறையாக அழியாமல் நின்றுவிட்டது.

கோடிக்கணக்கானோரிடம் உள்ள ஒரு பிழையைப் பற்றி அறிந்ததும் எழும் கேள்வி இது: இவர்கள் எல்லோரும் நோயாளிகளா? அல்லர். பலர் முதுமை வரை நலமாகவே வாழ்கின்றனர். அப்படியானால் நோய்வாய்ப்படப் போகிறவர் யார்? 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழும் தெற்காசியரிடையே நடந்த ஆராய்ச்சி இதற்கு ஓரளவு ஒளி காட்டிற்று. பழைய பிழையுடையோருள் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம், அதே மரபணுவில் வேறோர் எழுத்தும் மாறியிருந்தது. அவர்களுடைய இருதயம், வெளிப்படையான நோய் தோன்றுமுன்பே அளவுக்கு மீறிய வேகத்தோடு சுருங்கிக்கொண்டிருந்தது. அத்தகையவரின் மூல உயிரணுவிலிருந்து உண்டாக்கிய தசை உயிரணுக்களும் இயல்புக்கு மேல் பருத்திருந்தன. அவற்றின் கால்சிய ஓட்டமும் ஒழுங்கு தவறியிருந்தது. நூற்றுக்கு நான்கு பேரையும் அச்சுறுத்துவதற்குப் பதிலாக, அவர்களுள் உண்மையில் கவனிக்கப்பட வேண்டிய சிலரைப் பொறுக்கி எடுக்கும் வழி இதுவே. உலகின் ஆய்வுக்கூடங்களிலுள்ள மூல உயிரணுக்களுள் மிகப் பல ஐரோப்பிய வமிசத்தாரிடமிருந்து வந்தவை. நம்மிடம் உள்ள பிழையை அவற்றில் தேடிப் பயனில்லை. பெங்களூரிலும், வேலூரிலும், பிற இடங்களிலும் மூல உயிரணு ஆராய்ச்சி நிலையங்கள் அமைந்து, நம் மக்களின் உயிரணுக்களைக் கொண்டே ஆராய்வது இதனால் இன்றியமையாததாகிறது.

இவ்வளவு கூறிய பின், இம்முறையின் குறைகளையும் கூறுவது கடமை. தட்டில் துடிப்பது பச்சிளந்தசை. வளர்ந்த மனிதனின் இருதயத் தசை உயிரணு கோல் போல் நீண்டது. தட்டில் உள்ளது சிறியது, உருண்டையானது. வளர்ந்தது பெரும்பாலும் கொழுப்பை எரித்து வலிமை பெறுகிறது. இது சர்க்கரையையே பெரிதும் நாடுகிறது. வளர்ந்த இருதயத்தின் கீழறைத் தசை, மேலிருந்து கட்டளை வரும் வரையில் காத்திருந்து துடிப்பது. இது தானாகவே துடிக்கிறது. கண்ணுக்கு விருந்தாகும் அந்தத் துடிப்பே அதன் முதிராமைக்கு அடையாளம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஐம்பது வயதில் வரும் நோயை ஐம்பது நாள் வயதுள்ள தசையில் தேடுவது எளிதன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2018-ஆம் ஆண்டில், இளந்தசைக்கு நாள்தோறும் மின்தூண்டுதலின் வேகத்தைக் கூட்டிப் பயிற்சியளித்து, நான்கு வாரங்களில் அதனைப் பெரிதும் முதிரச் செய்தனர். எனினும் முதிர்ந்த இருதயத்திற்கு அது இன்னும் ஈடாகவில்லை. அன்றியும், இருதயம் தசையால் மட்டும் ஆனதன்று. இரத்தக் குழாய்களும், நரம்புகளும், இரத்த அழுத்தமும், புகையிலையும், உப்பும், கவலையும் தட்டில் இல்லை. நம்மிடையே மிகுதியாக உயிர் குடிக்கும் மாரடைப்பு, இரத்தக் குழாய் அடைபடுவதால் வருவது. அதற்கு மருந்து இத்தட்டில் கிடைத்துவிடும் என்று எண்ணலாகாது.

ஆராய்வது வேறு, சிகிச்சை செய்வது வேறு என்பதையும் இங்கே வற்புறுத்த விரும்புகிறோம். மூல உயிரணுவால் உண்டாக்கிய தசையை நலிந்த இருதயத்தின்மேல் ஒட்டும் சோதனை ஜப்பானின் ஒஸாக்காவில் 2020-ஆம் ஆண்டில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாகச் செய்யப்பட்டது. ஜெர்மனியிலும் இத்தகைய சோதனைகள் நடைபெறுகின்றன. அவை மிகுந்த கட்டுப்பாட்டோடு, கண்காணிப்போடு நடப்பவை. இதற்கிடையில், ‘ஸ்டெம் செல் ஊசியால் இருதயத்தைப் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்து, நோயாளியின் குடும்பத்தை வீட்டையும் நகையையும் விற்கச் செய்வோரும் இருக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகள் இதனைத் தெளிவாக வரையறுக்கின்றன. இரத்த நோய்கள் போன்றவற்றிற்குச் செய்யப்படும் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையைத் தவிர, மூல உயிரணுக்களை அனுமதி பெற்ற சோதனைக்கு வெளியே நோயாளிக்குக் கொடுப்பது நெறிக்குப் புறம்பானது. அனுமதி பெற்ற சோதனையில் பங்கு கொள்பவரிடம் அதற்கெனக் கட்டணம் கேட்பதும் முறையன்று. ஆகவே, ஊசிக்குப் பணம் கேட்கும் இடத்தில், அரசாங்க அனுமதி எண்ணைக் கேளுங்கள். விடை சொல்லத் தயங்கினால், எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் இன்று சாதாரணக் குடும்பத்தாருக்குப் பயன் ஒன்றும் இல்லையா? உண்டு. இருதய நோய்களுள் பல குடும்பத்தில் வருபவை என்பதையும், அறிகுறி தோன்றுவதற்கு முன்னரே அவற்றை அறியலாம் என்பதையும் அது நமக்கு உறுதிப்படுத்தியிருக்கிறது. நம் வீடுகளில் இளவயதில் திடீரென்று இறந்தோரைப் பற்றிப் பேசுவதில்லை. ‘விதி முடிந்தது’ என்று சொல்லி மூடிவிடுகிறோம். அந்த மௌனத்தால் அவருடைய தம்பியும், தங்கையும், பிள்ளைகளும் பரிசோதனையின்றி விடப்படுகின்றனர். உங்கள் குடும்பத்தில் நாற்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் எவரேனும் இறந்திருந்தால், அல்லது ஓடும்போதும் அழும்போதும் மயங்கி விழும் குழந்தை எதுவும் இருந்தால், அதனை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். மின்வரைபடமும், ஒலி அலைப் படமும் இன்று மாவட்டத் தலைநகரங்களில் எடுக்கக்கூடியவை. தேவையானால் மரபணுச் சோதனையைப் பற்றி அவர்களே வழிகாட்டுவார்கள். ஆராய்ச்சிக்கென்று சிறிது இரத்தம் கேட்டால், எதற்காக, எங்கே வைக்கப்படும், பெயர் மறைக்கப்படுமா என்று கேட்டறிந்து, மனம் ஒப்பினால் கொடுங்கள். அந்தத் துளியிலிருந்து ஆய்வுக்கூடத்தில் துடிக்கப் போகும் தசை, உங்கள் குடும்பத்தில் இனிப் பிறக்கும் ஒரு குழந்தைக்கு எந்த மருந்து ஆகும், எது ஆகாது என்பதை அறிய உதவக்கூடும்.